ஜாக்கியும் ஒன்பதும் போக்கரில் எடுபடுமா?

கேள்வி: இருபத்தெட்டு சீட்டாட்டத்தில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. விடுமுறைக்கு வந்த மைத்துனர் போக்கர் கற்றுத் தந்தார். பணம் இல்லை, பந்தயம் கொல்லாங்கொட்டைதான். என் கையில் இஸ்பேட் ஜாக்கியும் இஸ்பேட் ஒன்பதும். தரையில் விரித்த மூன்றில் இரண்டு இஸ்பேட். கடைசிவரை நின்றேன், இன்னொரு இஸ்பேட் வரவே இல்லை. கொட்டை முழுவதும் போய்விட்டது. அதிர்ஷ்டம் சரியில்லையா?
– வாசகர், தக்கலை

பதில்: அதிர்ஷ்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? ஆட்டம் சரியில்லை.

இருபத்தெட்டில் ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு. அந்தப் பாசத்தில்தான் இரண்டையும் விடாமல் பிடித்திருக்கிறீர்கள். போக்கரில் ஜாக்கிக்கு மேலே ராணி, ராஜா, ஏஸ் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது வெறும் ஒன்பது. துருப்பும் கிடையாது. இதைவிடப் பெரிய பழக்கதோஷம் ஒன்று உண்டு. இருபத்தெட்டில் ஏலத்தை விட்டாலும் எட்டுச் சீட்டையும் ஆடியே தீர வேண்டும். இங்கே சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் கட்டன்சாயா குடிக்கப் போகலாம். அதுதான் ஃபோல்ட். மைத்துனர் அதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. கொட்டை யார் பக்கம் சேர்ந்தது என்று பார்த்தால் காரணம் புரிகிறது.

தரையில் முதலில் விரிக்கும் மூன்று சீட்டு ஃபிளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். கையிலுள்ள இரண்டையும் சேர்த்து ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. ஐந்தும் ஒரே இனமானால் அது கலர், நல்ல பலமான கை. அதற்குத்தான் ஐந்தாவது இஸ்பேட்டுக்குக் காத்திருந்தீர்கள். ஃபிளாப் முடிந்தபோது உங்கள் கண்ணில் பட்ட இஸ்பேட் நான்கு, மிச்சம் ஒன்பது. பார்க்காத சீட்டு 47. அடுத்தது இஸ்பேட்டாக விழ 47-க்கு 9, ஐந்துக்கு ஒன்றுகூட முழுதாக இல்லை. ரிவர் வரை பார்த்தாலும் 35 சதவீதம்தான்.

நடுவில் கிடக்கும் பந்தயத்துக்குப் பெயர் பாட். அதில் 20 கொட்டை இருக்கிறது, மைத்துனர் மேலும் 20 வைக்கிறார் என்று கொள்வோம். நீங்களும் 20 வைத்தால் மொத்தம் 60. மூன்றுக்கு ஒரு முறை ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். அந்த 20-க்கு அடுத்த ஒரு சீட்டைத்தான் பார்க்கலாம், டர்னில் மறுபடியும் கேட்பார். இந்த விலைக்குத் தோவாளையில் பிச்சிப்பூ வாங்குவீர்களா? அவர் 5 மட்டும் வைத்திருந்தால் மொத்தம் 30, உங்கள் பங்கு 5. ஆறுக்கு ஒன்று, யோசிக்காமல் வைக்கலாம். இஸ்பேட் விழுந்த பிறகு அவரிடம் நிறையக் கறக்க முடியும் என்றால் கூடுதல் விலையும் தாங்கும். ஆனால் தரையில் மூன்றாவது இஸ்பேட்டைப் பார்த்ததும் எந்த மைத்துனரும் உஷாராகிவிடுவார்.

கையிலுள்ள இரண்டும் ஒரே இனம் என்பதற்காக மட்டும் கைக்கு இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் பலம் ஏறாது. ஜாக்கி-ஒன்பது ஆகாத கையும் அல்ல. மற்றவர்கள் பந்தயம் பேசி முடித்தபின் பேசும் இடத்தில் இருந்தால் ஆடுங்கள். முதலில் பேச வேண்டியிருந்தால் கவிழ்த்துவிடுங்கள்.

மூன்று சீட்டு ஆடியவர்களும் இங்கே தடுமாறுவார்கள். அங்கே அடுத்தடுத்த சீட்டுகள் சேர்ந்த வரிசை கலரை வெல்லும். போக்கரில் கலர்தான் வரிசையை வெல்லும். ஐந்து சீட்டில் வரிசை 10,200 விதமாக அமையும். கலர் 5,108 விதம்தான்.

பணம் கட்டிக் கைபேசியில் ஆடலாம் என்று மைத்துனர் அழைத்தால் போகாதீர்கள். 2025-இல் வந்த மத்தியச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. கொட்டையே போதும். தோற்றாலும் அக்காளோ தங்கையோ வறுத்துத் தருவார்கள்.