ராணுவப் பச்சைக் கார் மேக்னெட்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: 'கட்டுப்பாடே பலம்' என்று ராணுவப் பச்சையில் எழுதிய கார் மேக்னெட்டை ஆன்லைனில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். பின் பம்பரில் நிற்கவே இல்லை. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: பம்பர் பிளாஸ்டிக், சார். எந்த மேக்னெட்டும் அதில் பிடிக்காது. கதவில் வைத்துப் பாருங்கள். சில கார்களில் பானெட்கூட அலுமினியம்தான். ஃபிரிட்ஜ் மேக்னெட் ஒன்றை முதலில் வைத்துப் பார்த்திருந்தால் காசு மிச்சம். ஆனால் விளம்பரத்தில் 'பம்பரிலும் நிற்கும்' என்று போட்டிருந்தால் தப்பு விற்றவர் மேல். ஸ்கிரீன்ஷாட்டோடு அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

கேள்வி: கதவில் ஒட்டி ஆறு மாதம் கழித்து எடுத்தேன். பெயின்டில் கட்டமாகத் தடம், கீறல். நஷ்டஈடு கிடைக்குமா?
(சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: கேட்டாலும் நிற்காது. வாரம் ஒரு தடவையாவது கழற்றி, காரையும் மேக்னெட்டின் பின்பக்கத்தையும் துடைத்து, ஈரம் காய்ந்தபின் வைக்க வேண்டும். அடியில் சேர்ந்த தூசிதான் கீறியது. ஆறு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டு யாரிடம் கேட்பது?

கேள்வி: சிங்க முத்திரையும் 'ஆர்மி' என்ற எழுத்தும் இருந்தால் வாளையார் செக்போஸ்டில் நிறுத்த மாட்டார்களாமே?
(வேலந்தாவளம்)

பதில்: நீங்கள் ராணுவத்தில் இல்லையே, கழற்றுங்கள். அரசு முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தினால் 2005-ம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

கேள்வி: 'மிலிட்டரி கிரேடு' மேக்னெட் 900 ரூபாய், சாதாரணம் 350. எதை வாங்கலாம்?
(மீனாட்சிபுரம்)

பதில்: 350. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. எந்தத் தரம், என்ன சோதனை என்று கேளுங்கள், பதில் வராது. சிலர் 'மில்-எஸ்டிடி-810' என்பார்கள். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை. வெப்பம், ஈரம், அதிர்வு என்று தனித்தனிச் சோதனைகள் உண்டு. எதில் தேறியது என்று சொல்லாமல் பெயரை மட்டும் அச்சடிப்பது வெறும் ஏமாற்று. வளையும் மேக்னெட் என்பது ஃபெரைட் என்ற காந்தப் பொடியை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ கலந்து செய்த தகடு. மேலே வினைல் பிரின்ட். பச்சைத் திட்டு அடித்தால் பிடிமானம் கூடிவிடாது. தகட்டின் தடிமனையும் மேலே லேமினேஷன் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதே பெயரில் கூடக் காசு கொடுத்து நான் வாங்கிய டார்ச், முதல் மழையிலேயே கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்து அணைந்தது. கடைக்காரர் 'மழையில் ஏன் எடுத்துப் போனீங்க?' என்றார். பட்டாளத்துக்காரர் மேல் நம் ஜனங்கள் வைத்திருக்கும் மரியாதையை இவர்கள் காசாக்குகிறார்கள்.

கேள்வி: ராணுவத்தில் இருந்த என் கணவர் இறந்துவிட்டார். அவருடைய ரெஜிமென்ட் பெயரோடு மேக்னெட் செய்து தருவதாக வாட்ஸ்ஆப்பில் 1,200 ரூபாய் வாங்கியவன் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.
(கோபாலபுரம்)

பதில்: அம்மா, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இன்றைக்கே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண் (பரிவர்த்தனை எண்), சாட், அவன் நம்பர் மூன்றும் கையில் இருக்கட்டும். பேங்கிலும் எழுதிக் கொடுங்கள். சின்னத் தொகைதானே என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். அப்புறம், மேக்னெட் இன்னும் வேண்டுமென்றால் பொள்ளாச்சிப் பக்கம் ஸ்டிக்கர் அடிக்கும் கடையில் நேரில் சொல்லி, பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.