மசோதா எங்கே நிற்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "அந்தச் சட்டம் என்ன ஆச்சு சார்?" என்ற ஒற்றை வரிதான். எந்தச் சட்டம், எந்த ஆண்டு, எந்தத் துறை என்று எதுவும் கிடையாது. நான் ஜோசியம் பார்ப்பதில்லை; அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு இனி.

பேரவை இணையதளத்தில் மசோதாவுக்கு ஓர் எண், அரசிதழில் வேறு எண். எது சரி? (விருத்தாசலம் வாசகர்)

இரண்டும் சரி. பேரவையில் அறிமுகமாகும்போது தருவது சட்டமுன்வடிவு (மசோதாவின் தமிழ்ப் பெயர்) எண், ஒப்புதல் கிடைத்த பிறகு விழுவது சட்ட எண். ஜனவரி பிறந்தால் இரண்டுமே மறுபடி ஒன்றிலிருந்து ஓடும். ஆண்டுகூட மாறலாம். ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின் பெயரில் 2022 இருக்கும். அதன் எண் 2023-ன் 9. நானே ஒரு காலத்தில் முன்வடிவு எண்ணைச் சட்ட எண் என்று எழுதி ஆர்டிஐ போட்டேன். முப்பது நாள் காத்திருந்து வாங்கிய பதில், அப்படியொரு சட்டமே இல்லை என்பது. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

கச்சத்தீவு பற்றிப் பேரவையில் நிறைவேறியதே, அது எப்போது அரசிதழில் சட்டமாக வரும்? (ராமநாதபுரம் வாசகர்)

வராது. 2025 ஏப்ரல் 2-ல் நிறைவேறியது தீர்மானம். அது பேரவையின் கருத்து, அவ்வளவுதான். மசோதா போல ஒப்புதலுக்காக ஆளுநரிடம் போகிற சங்கதி அதில் இல்லை.

வாடகைச் சட்டம் 2017-லேயே வந்துவிட்டது என்கிறார் தரகர். அப்படியானால் அப்போதிருந்தே அமலில் இருக்கிறதா? (ஈரோடு வாசகி)

இல்லை அம்மா. பெயரில் 2017 உண்டு, 2017-ன் 42-ஆம் சட்டம். அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22-ல். நடுவே ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது.

இதை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. குரல் வாக்கெடுப்பில் "ஆம்" என்று சத்தம் கேட்டதும், மறுநாள் காலையில் "புதிய சட்டம் அமல்" என்று தலைப்பு வந்துவிடுகிறது. அதை வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டு, வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சண்டைக்கு நிற்கிறார்கள். பேரவை நிறைவேற்றியது ஒரு தேதி, ஒப்புதல் இன்னொன்று, அரசிதழில் வந்தது மூன்றாவது, அமலுக்கு வந்தது நான்காவது. நான்கும் ஒரே வாரத்தில் விழலாம், ஆண்டுக்கணக்கில் இழுக்கவும் செய்யலாம்.

அரசிதழைத் திறந்ததும் பகுதி நான்கு, பிரிவு 2-க்குப் போங்கள். பிரிவு 1-ல் இருப்பவை மசோதாக்கள். அதைப் பார்த்துவிட்டுச் சட்டம் வந்துவிட்டது என்று எனக்கு எழுத வேண்டாம். சட்டத்தின் தலைமாட்டில், ஆளுநரோ குடியரசுத் தலைவரோ எந்தத் தேதியில் ஒப்புதல் தந்தார் என்று ஒரு வரி இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கீழே இறங்கினால் சட்டத்தின் முதல் பிரிவு. பெயர், எல்லை எல்லாம் தாண்டி அதன் கடைசி உட்பிரிவுக்கு வாருங்கள். "உடனடியாக" என்றிருந்தால் கவலையில்லை. முந்தைய தேதி ஒன்றைக் காட்டி அன்றே வந்ததாகக் கொள்ளப்படும் என்றிருந்தால், அந்தத் தேதிதான் கணக்கு. அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் நாளில் என்றிருந்தால்தான் தலைவலி. அந்த அறிவிக்கையைத் தனியே தேட வேண்டும். விதிகள் எழுதி, அதிகாரிகளை நியமித்து, பதிவுக்கு இணையதளம் வைத்த பிறகுதான் அது வரும். வாடகைச் சட்டம் இந்த மூன்றாவது வகை. ஆன்லைன் சூதாட்டச் சட்டத்துக்கு 2023 ஏப்ரல் 10-ல் ஒப்புதல் கிடைத்தது, பத்துப் பதினோரு நாளில் அமலும் ஆனது. சில சட்டங்களில் ஒரு சில பிரிவுகள் மட்டும் முதலில் அமலாகும், மிச்சம் தூங்கும். உங்கள் தரகரிடம் அறிவிக்கையின் தேதியைக் கேளுங்கள். சொல்லமாட்டார்.

ஆளுநர் மூன்று மாதம் சும்மா இருந்தால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும் என்று ஒரு செய்தி வந்தது. உண்மையா? (நாகர்கோவில் வாசகர்)

எந்த ஆண்டுச் செய்தி என்று பார்த்தீர்களா? 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் தமிழக வழக்கில், மசோதா மீது முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடு வைத்தது. ஆளுநர் நிறுத்திவைத்திருந்த பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளச் சொன்னது. அடுத்த சில நாளில் அரசிதழில் அவை சட்டங்களாயின. ஒப்புதல் தேதி என்று அவற்றில் போட்டிருப்பது, பேரவை மறுபடி நிறைவேற்றிய 2023 நவம்பர் 18. ஆனால் 2025 நவம்பர் 20-ல், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு ஐந்து நீதிபதிகள் தந்த கருத்து வேறு: நீதிமன்றம் காலக்கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் கூடாது. காரணமில்லாமல் வெகுகாலம் இழுத்தால் முடிவெடுக்கச் சொல்லலாம், அவ்வளவே. பாதிச் செய்தியை அனுப்பிவிட்டு என்னை உண்மையா என்று கேட்காதீர்கள்.

நீட் விலக்கு மசோதா இப்போது யாரிடம்? (திருவாரூர் வாசகி)

யாரிடமும் இல்லை. 2021 செப்டம்பர் 13-ல் நிறைவேறியது. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் திருப்பினார். 8-ஆம் தேதி மறுபடி நிறைவேறிக் குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரல் 4-ல் முதல்வர் பேரவையில் சொன்னார்.

அவசரச் சட்டத்துக்கு ஆயுள் ஆறு மாதம்தானே? (பெயர், ஊர் இல்லை)

இல்லை. பேரவை கூடாத நேரத்தில் ஆளுநர் பிறப்பிப்பது அது. பேரவை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரம். இரண்டு கூட்டத்தொடருக்கு நடுவே ஆறு மாதம்வரை இடைவெளி விடலாம் என்பதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். அடுத்த தடவை ஊரையாவது எழுதுங்கள்.

பேரவை கலைந்தால் கிடப்பில் உள்ள மசோதா செத்துவிடுமா? (தேனி வாசகர்)

அறிமுகமாகி நிறைவேறாமல் நிற்பது காலாவதி. நிறைவேறி ஒப்புதலுக்குக் காத்திருப்பது பிழைத்திருக்கும். கேரள வழக்கொன்றில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். கூட்டத்தொடரை முடித்துவைப்பதால் எந்த மசோதாவும் சாவதில்லை.

நிறைவேறும் முன்பே மசோதாவைப் படிக்க வழியுண்டா? எங்கள் சங்கம் மனு கொடுக்க வேண்டும். (ஓசூர் தொழிற்சங்கத்திலிருந்து)

உண்டு, ஓடத் தெரிந்தால். நம் பேரவையில் மானியக் கோரிக்கைகள் (துறைவாரியாகச் செலவுக்கு ஒப்புதல் கேட்பவை) முடிகிற கடைசி நாள்களில் கொத்துக் கொத்தாக நிறைவேற்றுவார்கள். மசோதாவை அலசும் உறுப்பினர்களின் தேர்வுக்குழுவுக்குப் போவது அபூர்வம். அறிமுகமான அன்றே பேரவை இணையதளத்தில் நகலை எடுங்கள். முதலில் பின்பக்கம் உள்ள நோக்கக் காரண விளக்கவுரையைப் படியுங்கள், பிறகு பிரிவுகளுக்கு வாருங்கள். தவறவிட்டாலும் முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. 12 மணி நேர வேலைக்கான தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-ல், கூட்டத்தொடரின் கடைசி நாளில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். மனுவில் முன்வடிவு எண்ணை எழுதுங்கள். சட்ட எண் அப்போது பிறந்தே இருக்காது.