இருண்ட கதையில் முரண்நகை: கேள்வி பதில்

இருண்ட சிறுகதைகளில் முரண்நகை (ஐரனி: மேலே தெரிவதற்கும் உண்மைக்கும் உள்ள முரண்) எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கதைகளின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படிக்காதவர்கள் முதலில் கதைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அண்ணா, ஒரு கொலைக் கதை எழுதினேன். 'கடைசித் திருப்பம் பிரமாதம், ஆனா முரண்நகை இல்லை' என்கிறான் நண்பன். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை தம்பி. திருப்பம் வாசகருக்குத் தெரியாததை வைத்து நடப்பது, முரண்நகை பெரும்பாலும் அவருக்குத் தெரிந்ததை வைத்து நடப்பது. எட்கர் ஆலன் போ 1846இல் எழுதிய 'தி காஸ்க் ஆஃப் அமான்டியாடோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழாக் காலம், இத்தாலிய நகரம். அமான்டியாடோ என்ற அரிய ஒயின் ஒன்று வந்திருக்கிறது, ருசி பார்த்துச் சொல் என்று ஃபார்ச்சுனாட்டோவை நிலவறைக்குக் கூட்டிப்போகிறான் மாண்ட்ரெசர். அங்கே அவனைச் சங்கிலியில் பூட்டி, உயிரோடு சுவர் எழுப்பி மூடிவிடுகிறான். கதையைச் சொல்வதும் அவன்தான், பழிவாங்கப்போகிறேன் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறான், ஒளிவுமறைவே இல்லை. ஆனாலும் உடம்பு பதறுகிறது. நமக்குத் தெரிந்தது, கூட நடந்து போகிறவனுக்குத் தெரியவில்லையே! உங்கள் கதையை நண்பனிடம் இரண்டாம் முறை படிக்கக் கொடுங்கள். சப்பென்று இருக்கிறது என்றால் அதில் இருப்பது வெறும் திருப்பம்தான். நல்ல முரண்நகை இரண்டாம் வாசிப்பில்தான் இன்னும் அதிகமாக வலிக்கும்.

கேள்வி: வசனத்தில் இதைக் கொண்டுவருவது எப்படி சார்? நான் எழுதினால் பாத்திரம் வாசகரைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

அதே கதையில் இருமல் வரும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். நிலவறை முழுக்க ஈரம், சுவரெல்லாம் வெடியுப்பு பூத்துக் கிடக்கிறது, ஃபார்ச்சுனாட்டோவுக்கு இருமல் அடங்கவே மாட்டேன் என்கிறது. உன் உடம்பு முக்கியம், வா திரும்பிப் போய்விடலாம் என்று மாண்ட்ரெசரே வற்புறுத்துகிறான். இருமலால் ஒன்றும் செத்துவிடமாட்டேன் என்கிறான் அவன். உண்மை, உண்மை என்று இவன் ஒத்துக்கொள்கிறான். கவனியுங்கள், அந்த இடத்தில் இவன் பொய்யே சொல்லவில்லை. அவன் சாகப்போவது இருமலால் அல்லதான். கொஞ்ச நேரம் கழித்து, இங்கே புதைந்து கிடப்பவர்களுக்காக என்று அவன் கோப்பையை உயர்த்த, உன் நீண்ட ஆயுளுக்காக என்று இவன் குடிக்கிறான். அப்புறம் அந்தக் கொத்துக்கரண்டி! நீ எங்கள் மேசன் சங்கத்து (ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கம்; ஆங்கிலத்தில் மேசன் என்றால் கொத்தனார்) ஆள்தானா, அடையாளம் காட்டு என்று அவன் கேட்டதும், மாண்ட்ரெசர் தன் அங்கிக்குள்ளிருந்து கொத்தனாரின் கரண்டியை எடுத்துக் காட்டுகிறான். தன்னைச் சமாதி கட்டப்போகிற கருவியை நேரில் பார்த்தும், தமாஷ் பண்ணுகிறாய் என்று சொல்லிவிட்டு மேலே நடக்கிறான் அந்தப் பாவி. வசனத்தைப் பொறுத்தவரை இதைச் செய்து பாருங்கள்: ஒவ்வொரு வரியும் அந்தச் சூழ்நிலையில் சாதாரணமாக யாரும் பேசக்கூடியதாக, கேட்கிறவனுக்கு அப்படியே பொருந்துவதாக இருக்கட்டும். அடுத்த அர்த்தத்தை வாசகர் எடுத்துக்கொள்வார். 'என்று மர்மமாகப் புன்னகைத்தான்' மாதிரி எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கேதான் கண்ணடிப்பு வந்துவிடுகிறது.

கேள்வி: என் கதையைச் சொல்வதே கொலைகாரன்தான். கடைசியில் அவன் வருந்த வேண்டுமா?

வருந்தினானா இல்லையா என்பதை அவனே அறியாமல் இருக்க விடுங்கள். சுவரின் கடைசிக் கல் வைப்பதற்கு முன்னால் மாண்ட்ரெசர் உள்ளே கூப்பிட்டுப் பார்க்கிறான். பதிலாக, திருவிழா வேஷத்துக்காக ஃபார்ச்சுனாட்டோ போட்டிருந்த கோமாளித் தொப்பியின் மணிகள் மட்டும் சிணுங்குகின்றன. நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது, நிலவறையின் ஈரம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறான். ஈரம்தானா? ஐம்பது வருடம் கழித்து இந்தக் கதையை ஒன்றுவிடாமல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறானே! இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: பழிவாங்குவது யார், எதற்காக என்பது தப்பு செய்தவனுக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது பழியே ஆகாது என்று ஆரம்பத்தில் இவனே ஒரு விதி சொல்கிறான். ஆனால் எதற்காக என்பதைக் கடைசிவரை ஃபார்ச்சுனாட்டோவிடம் சொல்லவே இல்லை. தன் விதிப்படியே தான் ஜெயிக்கவில்லை என்று அவனுக்கு உறைக்காமலே கதை முடிந்துபோகிறது.

கேள்வி: படர்க்கையில் எழுதினால் முரண்நகை வராதா அக்கா என்று வேறொரு குழுவில் கேட்டேன், பதில் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

தாராளமாக வரும். ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' (1948) படர்க்கைதான். முந்நூறு பேர் உள்ள கிராமம், சீட்டு யாருக்கு விழுகிறதோ அவரை எல்லோரும் சேர்ந்து கல்லால் அடித்துக் கொல்வது வழக்கம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று குரலை உயர்த்தாமல் சொல்கிறது கதை. பையன்கள் கல் பொறுக்கிக் குவிப்பது முதல் பக்கத்திலேயே வருகிறது, நாம் விளையாட்டு என்று கடந்துபோகிறோம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததில் நாளே மறந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டு தாமதமாக வருகிற டெஸ்ஸிக்குத்தான் சீட்டு விழுகிறது. அவளுடைய சின்னப் பையன் கையிலும் யாரோ சில கற்களைக் கொடுக்கிறார்கள். ஒரு இடத்தில்கூட 'ஐயோ' என்கிற தொனி கிடையாது.

கேள்வி: 'பொன்னகரம்' சிறுகதையின் கடைசி வரியில் புதுமைப்பித்தன் தானே வந்து பேசுகிறார். இன்று எழுதினால் அதை வெட்டச் சொல்வார்கள்தானே?

சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 1934இல் 'மணிக்கொடி' இதழில் வந்த கதை. அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கக் காசில்லாத அம்மாளு இருட்டுச் சந்தில் ஒருவனோடு போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். 'கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே' என்று கடைசியில் திரும்புவது நம்மைப் பார்த்து. ஆனால் அவர் முதல் வரியிலிருந்தே நம்மிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார், பொன்னகரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா என்றுதான் கதையே ஆரம்பம். அதனால் அது திடீரென்று நுழைந்த குரல் அல்ல. கதை முழுக்க ஒதுங்கி இருந்துவிட்டுக் கடைசிப் பத்தியில் மட்டும் எழுத்தாளர் வந்து நின்றால், அதை வெட்டத்தான் வேண்டும்.

கேள்வி: தலைப்பிலேயே முரண்நகை வைக்கலாமா?

வைக்கலாம், ஏழைகளின் இருட்டுச் சந்துகளுக்குப் 'பொன்னகரம்' என்று பேர் வைத்தது அதுதானே. கதைக்குள் அதே விளையாட்டைத் திரும்பச் செய்யாதீர்கள்.

கேள்வி: மலக்குழியில் இறக்கும் தொழிலாளியைப் பற்றி எழுதுகிறேன். கழிவு அகற்றும் இயந்திரத்தின் திறப்பு விழா நடக்கும் அதே நாளில் அவர் சாகிறார். முரண்நகை இருக்கிறது, ஆனால் செத்தவரைக் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள், அது உங்களைச் சரியாக எழுத வைக்கும். கத்தி யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொரு பத்தியிலும் பாருங்கள். அம்மாளுவைப் பார்த்து 'பொன்னகரம்' ஒரு வார்த்தை பேசவில்லை, அவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் காத்திருக்கும் நம்மைத்தான் குத்துகிறது. உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது 'அதே நாள்' என்பது. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் வாசகர் எழுத்தாளரின் கையைப் பார்த்துவிடுவார், சாவு பின்னால் போய்விடும். திறப்பு விழா மூன்று மாதம் முன்பே முடிந்திருக்கட்டும். இயந்திரம் அலுவலக வளாகத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கட்டும், டீசலுக்குக் கையெழுத்து ஆகவில்லை என்று ஒருவர் போகிறபோக்கில் சொல்லட்டும். குழியிலிருந்து தூக்கிய உடம்பை மூட ஏதாவது வேண்டுமே என்று தேடும்போது, ஒருவன் ஓடிப்போய் அந்தத் தார்ப்பாயை உருவிக்கொண்டு வரட்டும். எங்கிருந்து எடுத்தான் என்பதை இரண்டாம் தடவை சொல்லாதீர்கள். அதற்கு முன்னால், செத்தவருக்கு ஒரு பேரும், காலையில் வீட்டில் போட்ட ஒரு சண்டையும், கட்ட வேண்டிய ஒரு கடனும் கொடுத்துவிடுங்கள். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.