பழைய மஹிந்திரா தார் ஜீப் வாங்குமுன்: அடியில் பாருங்கள்

நண்பரே, 2016 தார் டீசல், ஃபோர் வீல் டிரைவ், பெயின்ட் பளபளக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெயின்ட்டை விடுங்கள். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், புதிதாகக் கருப்பு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள், உள்ளே துரு இருக்கலாம். மெக்கானிக்கை விட்டு டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த வண்டியே வேண்டாம்.

அப்புறம் மண் தரையில் ஃபோர் ஹை, ஃபோர் லோ (நான்கு சக்கரமும் இழுக்கும் இரண்டு நிலைகள்; லோ மெதுவான வேகத்தில் கூடுதல் இழுவைக்கு) இரண்டையும் போட்டு ஓட்டுங்கள். லோ போடும்போது வண்டி நிற்க வேண்டும். காய்ந்த ரோட்டில் இந்தச் சோதனை கூடாது, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிக்கொள்ளும். முன் சக்கரம் இழுக்கிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். நான்கு டயரும் ஒரே அளவா? ஆர்.சி.யில் கடன் இருந்தால், கடன் கொடுத்தவரிடமிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வராமல் அட்வான்ஸ் தராதீர்கள்.