பழைய மடக்கு சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றலாமா?

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் வழியாக இராமேசுவரத்துக்கு வேலைக்குச் சென்றுவர, பழைய மடக்கு சைக்கிளில் மோட்டார் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருத்தலாம், ஆனால் முதலில் ஃபிரேமைப் பாருங்கள். உப்புக்காற்றில் கிடந்த வண்டியில் துரு பெயிண்டுக்கு அடியிலேயே பரவியிருக்கக்கூடும் என்பதால், மடக்குக் கீலின் வெல்டிங்கைச் சுரண்டிப் பார்த்து, மயிரிழை விரிசல் தென்பட்டாலும் அந்த வண்டியைக் கைவிடுங்கள்.

செயினையும் கியரையும் தொடாமல் மாட்டலாம் என்பதால் முன்சக்கரத்தின் நடுவிலேயே அமையும் ஹப் மோட்டாரே எளிது. சாதாரண ஹப் மோட்டாருக்கு, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கில் 100 மி.மீ. இடைவெளி தேவை, மடக்கு சைக்கிள்கள் சிலவற்றில் 74 மி.மீ. மட்டுமே இருக்கும். அலுமினிய ஃபோர்க்கைத் தவிர்த்து, இரும்பு ஃபோர்க்கானாலும் அச்சு சுழன்று கழன்றுவிடாதபடி அச்சை ஃபோர்க்கோடு பிணைக்கும் டார்க் ஆர்ம் என்ற தகட்டைப் போடுங்கள்.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி ஆற்றல் இருக்கும். மிதித்துக்கொண்டே சென்றால் சமதரையில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 முதல் 15 வாட்-மணி செலவாகும். பாலத்தில் எதிர்காற்று வீசினால் இந்தக் கணக்கு நிற்காது. ஆகவே பணியிடத்திலும் சார்ஜ் செய்ய வழி இருக்க வேண்டும்.

மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்தால் பதிவும் உரிமமும் தேவையில்லை. கீலருகே வயரைத் தளர்வாக விட்டு, இணைப்புகளில் கிரீஸ் தடவி, வண்டியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பீய்ச்சிக் கழுவக் கூடாது.