மோனோ ‘பைப்பர்’ வாங்கும் முன் லேபிளைச் சுற்றிப் பாருங்கள்

கேள்வி: பழைய ராக் இசைத்தட்டுகளைச் சேர்க்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. சைக்கடெலிக் ராக்கில்தான் ஆர்வம். பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பமான ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ மோனோ (ஒரே தட ஒலி) இசைத்தட்டை ‘1967 முதல் அச்சு’ என்று சொல்லி லண்டனிலிருந்து ஒருவர் இணையத்தில் விற்கிறார். அட்டைக்கு ஒரு போட்டோ, லேபிளுக்கு தூரத்திலிருந்து எடுத்த ஒரு போட்டோ, அவ்வளவுதான். நிலை ‘விஜி’ என்று போட்டிருக்கிறது. விலை என் ஒரு மாதச் சம்பளம். நம்பி வாங்கலாமா? அடுத்து தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ், கேன் ஆகிய குழுக்களின் தட்டுகளையும் வாங்கும் எண்ணம் இருக்கிறது.
– வாசகர், திருச்சி

பதில்: அந்த இரண்டு போட்டோவை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். விற்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இறக்கியதை விற்பவர்கள்தான் பாதிப்பேர்.

முதலில் என் கதை. பல வருடங்களுக்கு முன் இதே ஆல்பத்தை நானும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அட்டை அசல் 1967. முன்பக்கம் பளபளப்பு லாமினேஷன், அதன் ஓரங்கள் பின்பக்கத்தில் மடித்து ஒட்டப்பட்டிருந்தன. அந்தக் காலத்து பிரிட்டிஷ் அட்டைகள் அப்படித்தான் இருக்கும், ‘ஃப்ளிப்பேக்’ என்பார்கள். மோனோ எண்ணும் சரியாக இருந்தது. தட்டை உருவினால் எழுபதுகளில் அச்சான ஸ்டீரியோ (இரு தட ஒலி)! யாரோ எப்போதோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். விற்றவர் என்னிடம் அட்டையைத்தான் காட்டினார், நானும் அட்டையைத்தான் பார்த்தேன்.

ஆகவே எண்ணிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டனில் 1967 ஆகஸ்டில் இஎம்ஐ என்ற இசைக் கம்பெனியின் கொலம்பியா லேபிளில் இந்த ஆல்பம் வந்தது. மோனோவின் எண் எஸ்எக்ஸ் 6157. ஸ்டீரியோவுக்கு நடுவில் ஒரு ‘சி’ கூடி எஸ்சிஎக்ஸ் 6157 ஆகும். இந்த எண் அட்டையிலும் தட்டின் லேபிளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதைய கொலம்பியா லேபிள் நீலமும் கறுப்பும் கலந்தது. விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே பிரிட்டனில் விற்கப்படும் என்ற பொருளில் ‘சோல்டு இன் யு.கே.’ என்று தொடங்கும் ஒரு பொடி வரி அதில் ஓடும். பின்னால் வந்த அச்சுகளில் அந்த வரி போய்விட்டது, பெட்டிக்குள் இஎம்ஐ என்று எழுதிய சின்னம் வந்துவிட்டது. லேபிளில் அந்தப் பெட்டியைக் கண்டால் அது 1967 தட்டு இல்லை.

மோனோவில் ஒரு சௌகரியம் உண்டு. அறுபதுகளின் கடைசியில் பிரிட்டிஷ் கம்பெனிகள் மோனோ எல்பி (முழு ஆல்பத் தட்டு) அச்சடிப்பதையே நிறுத்திவிட்டன. ஸ்டீரியோவோ வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சானது. அதனால் ‘இது எந்தக் காலத்து அச்சு’ என்ற தலைவலி ஸ்டீரியோவில்தான் அதிகம். மோனோவில் நீங்கள் பயப்பட வேண்டியது மாற்றிப் போட்ட தட்டுக்கும் தேய்ந்துபோன தட்டுக்கும்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கடைசிப் பாட்டின் பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் வழவழப்பாக ஒரு பட்டை இருக்கும். ஊசி ஓய்வெடுக்கும் இடம். அதில் கையால் கீறியதும் முத்திரை அடித்ததுமாகச் சில எழுத்துகள், எண்கள் இருக்கும். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால்தான் கண்ணில் படும். அட்டையை மாற்றலாம், மேலே ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் தட்டோடு சேர்ந்தே அழுந்திய இந்த எழுத்தை யாரும் மாற்ற முடியாது.

அக்காலத்து இஎம்ஐ தட்டை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். மேட்ரிக்ஸ் எண், அதாவது வெட்டிய மூலத்தின் எண், 6 மணி இடத்தில் வரும்படி தட்டைத் திருப்புங்கள். கொலம்பியா மோனோ என்றால் அந்த எண் எக்ஸ்ஏஎக்ஸ் என்று தொடங்கும், ஸ்டீரியோ என்றால் ஒய்ஏஎக்ஸ். எண்ணின் கடைசியில் கோடு போட்டு வரும் 1 அல்லது 2, எத்தனையாவது தடவை வெட்டிய மூலம் என்பதைச் சொல்லும். இடதுபக்கம் 9 மணியில் தனியாக இருக்கும் எண் ‘மதர்’ எனப்படும் தாய்த்தகட்டின் (ஸ்டாம்பர்களை உருவாக்கும் உலோகத் தகடு) எண். வலதுபக்கம் 3 மணியில் ஓரிரு எழுத்துகள் இருக்கும். அவைதான் ஸ்டாம்பர், அதாவது தட்டை அழுத்திய உலோக அச்சின் வரிசை எண்.

அந்த எழுத்துகளை எண்ணாக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. இஎம்ஐ தட்டுகளை அச்சிட்ட கம்பெனியின் பெயரான கிராமஃபோன் லிமிடெட் என்பதைச் சுருக்கிய பத்து ஆங்கில எழுத்துகள்தான் அது: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, ஹெச் 7, எல் 8. அடுத்து வருவதைத் தமிழில் எழுதினால் குழப்பம். டீக்கடையின் ஆங்கிலப் பலகையில் முதலில் வரும் ‘டீ’ 9, டாக்டரின் ஆங்கிலப் பலகையில் முதலில் வரும் ‘டி’ 0. ஆக, வலப்பக்கம் வெறும் ‘ஆர்’ இருந்தால் இரண்டாவது ஸ்டாம்பர். ‘ஜிஎம்’ என்றால் 14. ஒரு ஸ்டாம்பர் சில நூறு தட்டுகளை அழுத்தியதும் தேய்ந்துவிடும், அடுத்தது ஏறும். அதனால் சின்ன எண் என்றால் பெரும்பாலும் தொடக்கத்தில் அச்சானது என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும்தான். ஒரே நேரத்தில் பல இயந்திரங்கள் ஓடும், வரிசை தப்பும். ‘ஜி’ ஸ்டாம்பர் என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

அப்புறம் அந்த ‘விஜி’. வெரி குட் என்று விரியும், நம் ஊரில் நோட்டில் டீச்சர் போட்டால் சந்தோஷப்படுவோம். இசைத்தட்டு உலகில் அது சுமார். மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ் என்று வரும் வரிசையில் இது நான்காவது படி. அதற்கும் கீழே உள்ள ‘குட்’ தட்டைப் போட்டால் கடுகு தாளிக்கிற சத்தம்தான். சத்தமான பாட்டில் விஜி தட்டின் குறை மறைந்துவிடும். இந்த ஆல்பத்தில் ‘சாப்டர் 24’ போல அடங்கி ஒலிக்கும் இடங்கள் இருக்கின்றன, அங்கே ஒவ்வொரு கீறலும் கேட்கும். ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அதைக் கேட்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், விஜிக்கு அந்த விலை அதிகம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு பக்கத்து லேபிளும் நெருக்கத்தில், வெற்றுப் பட்டையின் எழுத்துகள் தெளிவாக, தட்டு சாய்ந்த வெளிச்சத்தில், அட்டையின் முதுகும் ஓரங்களும். கூடவே, அடங்கிய பாட்டு ஒன்றை ஒரு நிமிடம் ஓடவிட்டு வீடியோ. நல்ல விற்பனையாளர் அன்றே அனுப்பிவிடுவார். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். தபால் செலவையும் இங்கே கட்ட வேண்டிய சுங்க வரியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள்.

உங்களுக்கு வேண்டியது பொருளா, ஒலியா என்றும் யோசியுங்கள். மோனோ கலவையில்தான் (பதிவான ஒலிகளைச் சேர்த்து முடித்த வடிவம்) இசைக்குழுவும் தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித்தும் அதிகக் கவனம் செலுத்தினார்கள், அதற்கான மதிப்பு நியாயமானதே. ஆனால் அந்தக் கலவை 2007இல் 40ஆம் ஆண்டுப் பதிப்பாக சிடியில் வந்தது, 2018 ரெக்கார்டு ஸ்டோர் டே என்ற இசைத்தட்டுக் கடைகளின் விழாவுக்குத் தட்டாகவும் வந்தது. காதுக்கு மட்டும் என்றால் அவை போதும். அமெரிக்காவில் டவர் லேபிளில் வந்த 1967 பதிப்பும் மலிவாகக் கிடைத்தால் தூண்டும். அதில் ‘அஸ்ட்ரோனமி டோமினே’யும் ‘ஃப்ளேமிங்’கும் ‘பைக்’கும் கிடையாது, தொடக்கத்தில் ‘சீ எமிலி ப்ளே’ வரும். தெரிந்து வாங்கினால் சரி.

எலிவேட்டர்ஸ் விஷயத்திலும் இதே பட்டைதான் துணை. 1966இல் டெக்சஸின் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்ட முதல் ஆல்பம், 1979இல் ஏறக்குறைய அதே தோற்றத்தில் மறுபடி வந்தது. வெற்றுப் பட்டையில் ‘மாஸ்டர்ஃபோனிக்ஸ்’ என்ற முத்திரை இருந்தால் அது 1979 அச்சு. மோசமான தட்டு இல்லை, ஆனால் 1966 விலைக்கு வாங்காதீர்கள்.

ஜெர்மன் குழுவான கேனின் ‘மான்ஸ்டர் மூவி’ வேறு கதை. 1969இல் மியூசிக் ஃபேக்டரி என்ற பெயரில் அவர்களே முதலில் போட்டது 500 பிரதிதான், அதே வருடம் லிபர்ட்டி லேபிள் எடுத்து வெளியிட்டது. 500இல் ஒன்றைத் துரத்துவதற்கு நம் ஆயுள் போதாது. லிபர்ட்டி ஜெர்மன் அச்சே நல்ல பிடி. அதே காலத்து ஜெர்மன் குழுவான ஃபாஸ்டின் ‘தி ஃபாஸ்ட் டேப்ஸ்’ 1973இல் பிரிட்டனில் ஒரு சிங்கிள் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டு) விலைக்கு விற்கப்பட்டு ஆயிரக்கணக்கில் போனது. அதனால் அதன் முதல் அச்சைக்கூட இன்றும் தேடிப் பிடிக்க முடியும். புகழும் அரிதும் ஒன்றல்ல என்பதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வரும் தட்டு அது.

கேன் பக்கம் போனால் பரிசோதனை இசையும் இழுக்கும். நர்ஸ் வித் வூண்ட் குழு தங்கள் 1979 முதல் ஆல்பத்தோடு, தங்களுக்குப் பிடித்த கலைஞர்களின் பெயர்களை நீளமாகப் பட்டியல் போட்டு இணைத்தது. சேகரிப்பாளர்கள் இன்னும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே விலை ஏறிய தட்டுகளும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு: திருச்சி சித்திரை வெயிலில் பரண் என்பது அடுப்பு. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள், வெயில் படாத உள்சுவர் ஓரமாக. மழைக்காலத்தில் அட்டையில் பூஞ்சை வரும், அவ்வப்போது எடுத்துக் காற்றாட விடுங்கள்.

கடைசியாக, எல்லாமே லண்டனிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. இம்பீரியல் டொபாக்கோ நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டிகளில் வாசித்த நம் நாட்டு இளைஞர் குழுக்களின் பாட்டுகள் 1970, 1971 ஆண்டுகளின் பெயரில் எல்பிக்களாக வந்தன. இன்று வெளிநாட்டார் தேடுபவை அவை. ஏதாவது பழைய சாமான் கடையில் அந்தப் பெயரைக் கண்டால், விலை கேட்பதற்கு முன் முகத்தைக் கொஞ்சம் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.