காஸி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

1971 போரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே ‘காஸி’ என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் ‘வெடித்து மூழ்கியது’ என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நம்முடைய ராஜ்புத் கப்பல் அதை மூழ்கடித்தது என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? அன்றிரவு வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்ததை, அப்போது அவ்வூரில் இருந்த என் தந்தை பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

‘மூழ்கடித்தது’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் தவிர்த்தேன். காரணத்தைச் சொல்ல அந்தக் கப்பலின் கதையைச் சற்று முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

‘டயாப்ளோ’ என்ற பெயரில் 1945 மார்ச் 31 அன்று அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த அக்கப்பல், ஆகஸ்ட் 10 அன்று தன் முதல் போர்ப் பயணத்துக்குக் கிளம்பியது. வழியிலேயே போர் முடிந்துவிட்டதால் குவாம் தீவுக்குத் திருப்பப்பட்டது. 1964இல் குத்தகையாகப் பாகிஸ்தானுக்கு வந்து ‘காஸி’ ஆனபோது, தெற்காசிய நாடுகளில் வேறெதனிடமும் நீர்மூழ்கிக் கப்பல் இல்லை. 1965 போரில் நம்முடைய ‘பிரம்மபுத்திரா’ போர்க்கப்பலை அது டார்பிடோவால் தாக்கியதாகப் பாகிஸ்தான் அறிவித்தது; பிரம்மபுத்திராவோ எந்தச் சேதமும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. கடலுக்கடியில் வென்றதாக ஒரு தரப்பு சொல்வதை உடனே ஏற்கத் தயங்குவதற்கு எனக்கு இது ஒன்றே போதும். அந்தத் தயக்கம் நம் தரப்புக்கும் பொருந்த வேண்டும்.

1971 நவம்பர் 14 அன்று கமாண்டர் ஜாபர் முகம்மது கான் தலைமையில் காஸி கராச்சியிலிருந்து புறப்பட்டது. பாகிஸ்தானிடம் அப்போது பிரான்சில் கட்டப்பட்ட புதிய நீர்மூழ்கிகள் இருந்தன. ஆனால் இந்தியத் தீபகற்பத்தைச் சுற்றிவந்து வங்கக் கடலில் பல நாள் காத்திருக்கும் வீச்சு, 26 வயதான இந்தப் பழைய கப்பலுக்குத்தான் இருந்தது. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த்தான் அதன் இலக்கு. கொதிகலனில் விரிசல் கண்டு வேகம் குறைந்திருந்த விக்ராந்தை, கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் அந்தமானில் ஒளித்துவைத்திருந்தார். நாகர்கோவிலில் பிறந்தவர் அவர். விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் இருப்பதாக எதிரியை நம்பவைக்க, அவ்வளவு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவில் இறைச்சியும் காய்கறியும் வேண்டுமென்று ஒப்பந்தக்காரர்களிடம் கேட்கப்பட்டது. விக்ராந்தின் மாலுமி ஒருவர் நோயுற்ற தன் தாயின் நலம் விசாரிப்பதுபோல் ஒரு தந்தியும் வெளிப்படையாக அனுப்பப்பட்டது. இந்தத் தந்தியைப் படித்ததிலிருந்து என்னால் மறக்க முடிந்ததில்லை.

டிசம்பர் 3 நள்ளிரவுக்குச் சற்றுமுன் துறைமுகத்தை விட்டு வெளியேறிய ராஜ்புத், முன்னால் நீர் கலங்குவதைக் கண்டு இரண்டு நீரடி வெடிகுண்டுகளைப் போட்டது. சில நிமிடங்களில் கரையை உலுக்கிய வெடிப்பைத்தான் உங்கள் தந்தை உணர்ந்திருக்கிறார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்த வெடிப்பு ராஜ்புத்தின் குண்டுகளால் நேர்ந்ததா, தான் விதைத்துக்கொண்டிருந்த கண்ணிவெடியில் காஸியே சிக்கியதா, கப்பலின் முன்பகுதியில் இருந்த வெடிபொருள் உள்ளேயே வெடித்ததா என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. கண்ணிவெடி விபத்து என்கிறது பாகிஸ்தான். உள்வெடிப்பாகவே இருக்கலாம் என்று நம் தரப்பிலேயே சிலர் கருதியிருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். இதனால் கிருஷ்ணனின் சாமர்த்தியம் குறைந்துவிடாது. தான் தேடி வந்த விக்ராந்தைக் காஸி கடைசிவரை காணவில்லை.

மறுநாள் கடலில் மிதந்த பொருட்களை மீனவர்கள்தான் எடுத்துவந்து கடற்படையிடம் கொடுத்தார்கள். காஸியில் இருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. காஸி மூழ்கிய செய்தியை இந்தியா டிசம்பர் 9 அன்று அறிவித்தது. அதே நாள் இரவு, தியூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் மற்றொரு நீர்மூழ்கியான ‘ஹாங்கோர்’ நம்முடைய ‘குக்ரி’ போர்க்கப்பலை டார்பிடோவால் தாக்கியது, கேப்டன் மகேந்திரநாத் முல்லாவுடன் சேர்த்து 194 பேர் அதில் இறந்தார்கள். அங்கே ‘மூழ்கடித்தது’ என்று எழுத எனக்குத் தயக்கமில்லை.

அன்புடன்